கத்தாத கோச்

போன சனிக்கிழமை சாயங்காலம் பாக்ஸிங் பார்க்கப் போயிருந்தேன். முதல் ரவுண்டு முடிந்து மணி அடித்ததுதான் தாமதம், பின்சீட்டுக்காரர் ஆரம்பித்துவிட்டார்.

"என்னங்க இந்தம்மா வாயே திறக்க மாட்டேங்குது? எதிர் பக்கம் பாருங்க, அந்தக் கோச் தொண்டை கிழியக் கத்தறாரு. இது என்னடான்னா துக்கம் விசாரிக்க வந்த மாதிரி குனிஞ்சு முணுமுணுக்குது. இதுக்குத்தான் மாஸ்டரை மாத்தினாளாக்கும்..."

எனக்குச் சுருக்கென்று கோபம். அவர் மேல் மட்டுமா? அதே நினைப்பு என் மனசிலும் ஓடிக்கொண்டிருந்ததே, அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது.

முதலிலிருந்து சொல்கிறேன்.

ரிங்கில் இருந்தவள் மரகதம். பொன்மலை ரயில்வே காலனியில் வீடு. கணவர் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். இவள் பகலில் ஒரு மளிகை குடோனில் வேலை பார்க்கிறாள், மாலையில் பாக்ஸிங். எண்பத்தைந்து கிலோ. ஹெவிவெயிட். "எங்க ஊர்ல பொண்ணு குண்டா இருந்தா டயட் சொல்லுவாங்க சார், மாஸ்டர் ஒருத்தர்தான் க்ளவுஸ் குடுத்தாரு" என்று அவளே ஒருமுறை என்னிடம் சொன்னாள். அந்த மாஸ்டரிடம் பன்னிரண்டு வருஷம் இருந்தாள். நல்ல மனுஷர். வெண்கலக் குரல். அவர் ஜிம்மில் கத்தினால் காலனிக்கே கேட்கும்.

சில மாதங்களுக்கு முன் சென்னைப் பெண் ஒருத்தியிடம் மரகதம் தோற்றாள். அதே பெண்ணோடு ரீமேட்ச் என்று முடிவானது. ஜெயிப்பவளுக்கு மாநில அணியில் இடம். இந்த நேரம் பார்த்து மரகதம் மாஸ்டரை விட்டுவிட்டு, தென்னூரில் பி.டி. டீச்சராக இருக்கும் பர்வீனிடம் போய்ச் சேர்ந்தாள்.

அவ்வளவுதான். திருச்சியில் பாக்ஸிங் பற்றிக் கருத்து இல்லாத ஆள் அதன்பிறகு ஒருவர்கூட இல்லை.

ஸ்ரீரங்கத்தில் என் பக்கத்து வீட்டு ராகவன் ஸ்வாமி இருக்கிறாரே, பெருமாள், பிரபந்தம், டிகாஷன் தவிர வேறு எதிலும் தலையிடாதவர். அவரே சித்திரை வீதியில் என்னை நிறுத்தினார். "ஸ்வாமி, நீர் அந்தப் பொண்ணண்டை சொல்லும். பன்னண்டு வருஷம் வித்தை சொல்லிக் கொடுத்தவர். ஆசார்ய அபசாரம் பண்ணிட்டு ஜெயிக்க முடியுமோ?"

"பாக்ஸிங்குக்கும் ஆசார்ய அபசாரம் உண்டா?"

"வித்தைன்னு வந்துட்டா எல்லாத்துக்கும் உண்டு."

நான் என்ன செய்தேன்? இதே பக்கத்தில், ரீமேட்ச் நெருங்கும்போது கோச்சை மாற்றுவது சரியா என்று பெரிய நிபுணன் போல எழுதினேன். உங்களில் பலர் பாராட்டினீர்கள். பாராட்டு கிடைத்தால் சும்மா இருக்க முடியுமா? மலைக்கோட்டை பக்கம் ஜவுளிக்கடை வைத்திருக்கும் நண்பர் ஒரு யோசனை சொன்னார். ஒரு விழா எடுப்போம். மேடையில் மரகதம் மாஸ்டர் காலில் விழட்டும், அவர் ஆசீர்வாதம் பண்ணட்டும், மறுபடி அவரே கார்னரில் நிற்கட்டும். தூது போக நான்.

மைசூர்பாக் டப்பாவோடு போனேன்.

மரகதம் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "சார், இந்தப் பக்கம் உக்காருங்க" என்று தன் வலது பக்கம் நாற்காலியை நகர்த்தினாள்.

"ஏம்மா?"

"பழக்கமாயிருச்சு சார். அந்தச் சென்னை மேட்ச்ல இடது காதுல ஒண்ணு விழுந்துச்சு. ஹெட்கார்டு போட்டிருந்தும் ஜவ்வு கிழிஞ்சிருச்சு. ரெண்டாவது ரவுண்டு முடிஞ்சதும் மாஸ்டர்கிட்ட சொன்னேன், இடது காது கேக்கலைன்னு."

"அவர் என்ன சொன்னார்?"

"கேக்கலைன்னா என்ன, நீ கையாலதானே ஆடறேன்னாரு."

நான் டப்பாவைப் பிரிக்கவே இல்லை.

மூன்று வாரம் அந்தக் காதில் குக்கர் விசில் மாதிரிச் சத்தம். ஜவ்வு இப்போது ஆறிவிட்டது, ஆடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆனால் மறுபடி அங்கே அடிபட்டு, கேட்பது நின்றால், அந்த நிமிஷமே ஆட்டத்தை நிறுத்த வேண்டும். நிறுத்தாமல் ஆடினால் போன காது திரும்பி வராது.

"இதை வெளியில சொல்லியிருக்கலாமே மரகதம்?"

"சொன்னா மாஸ்டர் பேரு கெட்டுரும் சார்."

பாருங்கள். துரோகி என்று ஊரே யாரைச் சொல்லிக்கொண்டிருந்ததோ, அவள் தன் காதை விட அவர் பேரைப் பெரிதாக நினைத்து வாயை மூடிக்கொண்டிருந்தாள். விழா ஏன் நடக்கவில்லை என்று ஊர் துருவியதில் விஷயம் வெளியே வந்தபிறகு மாஸ்டரே அவள் வீட்டுக்குப் போய், "நான் கவனிச்சிருக்கணும்மா, சாரைத் தாராளமா எழுதச் சொல்லு" என்று சொல்லிவிட்டு வந்தார். அதனால்தான் எழுதுகிறேன். அவருக்கு இருந்த பெருந்தன்மை ஊருக்கு இருந்ததா? எல்லாம் கேட்ட பிறகும், "காது சரியாயிடுச்சுல்ல, அப்புறம் என்ன?" என்றவர்களை நானே பார்த்தேன்.

சரி... சனிக்கிழமைக்கு வருவோம்.

இரண்டாவது ரவுண்டு. சென்னைப் பெண்ணின் வலது கை சுழன்று வந்தது. மரகதத்தின் இடது காதின் மேலேயே பட்டது. மரகதம் ஒரு அடி பின்னால் போனாள், தலையை உதறினாள், தொடர்ந்து ஆடினாள்.

மணி அடித்தது. ஸ்டூலில் வந்து உட்கார்ந்தாள். பர்வீன் டீச்சர் கையில் வெள்ளைத் துண்டு. முன்பு போலவே இடது பக்கம் குனிந்து, உதடு அசைவதே தெரியாமல் ஏதோ சொன்னார். மரகதம் பதில் சொன்னாள். இன்னும் ஏதோ சொன்னார். அதற்கும் பதில். அவ்வளவுதான். அந்த ஒரு நிமிஷத்தில் யோசனை இல்லை, திட்டு இல்லை, "விடாதே, அடி" இல்லை.

"போச்சு," என்றார் பின்சீட்டுக்காரர். "பேசத் தெரியாத கோச்."

மூன்றாவது ரவுண்டில் மரகதம் ஆடிய ஆட்டம் இருக்கிறதே... ஐந்து நடுவர்களில் மூன்று பேர் அவள் பக்கம். கையைத் தூக்கிவிட்டார்கள். ஜெயித்துவிட்டாள்.

ஓடிப்போய்ப் பாராட்டினேன். ஆனால் நம் வாய் சும்மா இருக்குமா? "டீச்சர், எல்லாம் சரி, இடைவேளையில கொஞ்சம் சத்தமா சொல்லிக் குடுத்திருக்கலாமே" என்றேன்.

டீச்சர் சிரித்தார். மரகதம்தான் பதில் சொன்னாள். "சத்தமா சொன்னா காது கேக்குதா இல்லையான்னு எப்படி சார் தெரியும்?"

எனக்குப் புரிய ஒரு கணம் ஆனது.

"முதல் ரவுண்டு முடிஞ்சதும், இன்னிக்கு வீட்டுல என்ன குழம்புன்னு கேட்டாங்க. ரெண்டாவதுல, உன் வீட்டுக்காரர் என்ன கலர் சட்டைன்னு கேட்டாங்க. அப்புறம் குடோன்ல லீவு சொல்லிட்டியான்னாங்க. எல்லாம் இடது காதுல, ரொம்ப மெதுவா."

"பதில் வரலைன்னா?"

"துண்டை ரிங்குக்குள்ள வீசியிருப்பேன், ஆட்டம் அதோட நின்னிருக்கும்," என்றார் பர்வீன் டீச்சர். "எப்படி அடிக்கணும்னு ஜிம்லயே சொல்லியாச்சு சார். கார்னர்ல நான் தெரிஞ்சுக்க வேண்டியது ஒண்ணுதான்."

கோச் மாறினால் ரீமேட்ச் மாறுமா என்று ஊரெல்லாம் கேட்டோமே, மாறியது இதுதான். கார்னரில் ஒருவர் கேட்டார். அந்த நிம்மதியில் இவள் பயமில்லாமல் அடித்தாள். நாமோ, எவ்வளவு சத்தம் போடுகிறார் என்பதை வைத்துத்தான் அக்கறையை எடை போடுகிறோம். ஆஸ்பத்திரி வராண்டாவிலும் அப்படித்தான், பிள்ளைகளின் படிப்பிலும் அப்படித்தான். கத்தாதவருக்கு அக்கறையே இல்லை என்று நாமாகவே முடிவு கட்டிவிடுகிறோம்.

திங்கட்கிழமை பொன்மலை டீக்கடையில், ஒர்க்‌ஷாப்பில் ரிட்டயர் ஆன சண்முகம் அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தோற்றிருந்தால் கோச்சை மாற்றியதால்தான் என்று சொல்லத் தயாராக இருந்தவர்.

"பாத்தீங்களா சார், பழைய மாஸ்டர் போட்ட அஸ்திவாரம். பன்னெண்டு வருஷம் சும்மாவா?"

பர்வீன் டீச்சர் மெதுவாகக் கேட்ட கேள்விகளைப் பற்றிச் சொன்னேன். முழுக்கக் கேட்டார்.

"அடேயப்பா, நல்ல டெக்னிக்கா இருக்கே. அதையும் மாஸ்டர்கிட்டதான் கத்துக்கிட்டிருக்கும்."

நான் நகர்ந்து அவருக்கு இடது பக்கம் போய் உட்கார்ந்தேன். குனிந்து, ரொம்ப மெதுவாகச் சொன்னேன். "அண்ணே, ஜெயிச்சது மரகதம்."

"என்ன சார்? சத்தமா சொல்லுங்க, ஒண்ணும் கேக்கலை."

துண்டு மட்டும் கையில் இருந்திருந்தால், அங்கேயே வீசியிருப்பேன்.