நிழலுக்கு நகராத கோழிகள்

ஐந்தாம் ஆண்டோடு பள்ளியை விட்டவன் நான். உப்பளம், மீன்வள்ளம் என்று அலைந்துவிட்டுப் போன வருடம் குறிஞ்சிப்பிட்டியில் என் ராத்தா வீட்டில் வந்து தங்கினேன். மூத்த சகோதரியான அவர் வீட்டுத் தேவைக்குப் பத்துப் புரொய்லர் கோழி வளர்த்தார்.

ஒருநாள் அவற்றை என்னிடம் விட்டுவிட்டு, தில்லையடியில் இருக்கும் மகளைப் பார்க்கப் போனார். கூட்டுக்குள் வெக்கை என்று கோழிகளைத் தூக்கி முற்றத்து வேப்பமர நிழலில் விட்டேன். வெயில் வந்தால் நாட்டுக்கோழி போல எழும்பிப் போகும் என்று நினைத்து, கடற்கரைக்குக் கதைக்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது நிழல் சுவரோரம் நகர்ந்திருந்தது. சதை பெருத்து நடக்கமாட்டாத அந்தக் கோழிகள் விட்ட இடத்திலேயே இருந்தன. மூன்று செத்துக் கிடந்தன. தானாகச் செத்தது எங்களுக்கு ஹராம், தின்னக் கூடாது. தெரிந்தும், ஏச்சுக்குப் பயந்து அவற்றின் கழுத்தை அறுத்து வைத்தேன்.

“உசிர் இருக்கக்குள்ளதானே அறுத்த, தம்பி?” என்று கேட்டார் ராத்தா.

“ஓம் ராத்தா. வெயிலுக்குச் சோர்ந்து போச்சு.”

நம்பிக் கறி ஆக்கினார். அடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்கென்று ஒரு கோப்பையில் அவர் அள்ளியபோது, அதற்கு மேல் தாங்காமல் உண்மையைச் சொன்னேன்.

“செத்ததையா தின்னத் தரப் பாத்த? ஊர் ஊராத் திரிஞ்சு இதத்தான் படிச்சியா?” என்றவர், குழி தோண்டிக் கறியைக் கொட்டினார்.

இப்போது வெயில் நகர நகர நானே கோழிகளைத் தூக்கி நிழலில் வைக்கிறேன். தண்ணீரையும் அலகருகில் வைக்கிறேன். அறுப்பதற்கு மட்டும் ராத்தா அடுத்த வீட்டில் இருக்கும், அண்ணன் முறையான நானாவைக் கூப்பிடுகிறார். நான் கால்களைப் பிடித்துக் கொடுக்கிறேன்.