சனிக்கிழமை மாத்திரை

போன வாரத்துக்கு முந்திய சனிக்கிழமை, ஒன்பது வயதுப் பிள்ளை ஒருத்திக்கு நான் மாத்திரை கொடுத்தேன்.

பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லை. சளி இல்லை. டாக்டர் அன்றைக்குக் கொடுக்கச் சொல்லவும் இல்லை. எனக்குக் கட்டுரை முடிக்க வேண்டியிருந்தது... அவ்வளவுதான்.

படிக்கிற உங்களுக்குச் சுருக்கென்று இருக்கிறதா? எழுதுகிற எனக்கும்தான். கொஞ்சம் பொறுங்கள், முதலிலிருந்து சொல்கிறேன்.

ஆறு வாரத்துக்கு முன் இதே பக்கத்தில், 'துறுதுறுப்பு ஒரு நோயா?' என்று ஒரு போடு போட்டேனே, ஞாபகமிருக்கிறதா? கவனம் நிற்காத பிள்ளைகளுக்கு மாத்திரை கொடுக்கிற பெற்றோரை ஒரு பிடி பிடித்திருந்தேன். ஓடுகிற பிள்ளையை உட்கார வைக்க மாத்திரை என்றால், நாளைக்குக் கேள்வி கேட்கிற பிள்ளையின் வாயை மூட ஊசி வருமோ என்றெல்லாம் எழுதியிருந்தேன். எழுதும்போது எனக்கே புல்லரித்தது.

கடிதங்கள் வந்து குவிந்தன. 'நாங்கள் எல்லாம் மாத்திரை சாப்பிட்டா வளர்ந்தோம்?' என்று செந்தூல் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். டெங்கிலிலிருந்து ஓர் அம்மா வல்லாரைத் துவையலுக்குச் செய்முறையே அனுப்பியிருந்தார். வெண்டைக்காய் சாப்பிட்டால் கணக்கு வரும் என்பவர்கள், கோயிலில் கயிறு கட்டினால் போதும் என்பவர்கள், முதுகில் இரண்டு வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்கள்... நம்மில் டாக்டர் அல்லாதவர் யார், சொல்லுங்கள்!

ஒரே ஓர் ஆள் மட்டும் எழுதவில்லை. போன்கூடச் செய்யவில்லை. என் தங்கை மல்லிகா.

ஏனென்றால், 'எனக்குத் தெரிந்த ஒரு தாய்' என்று அந்தக் கட்டுரையில் நான் எழுதியது அவளைத்தான்.

மல்லிகா கிள்ளானில் பாலர் பள்ளி ஆசிரியை. மகள் ஷாமினி மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். வகுப்பில் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார மாட்டாள். பாதி எழுதிய வரியை விட்டுவிட்டு ஜன்னலுக்குப் போவாள், பக்கத்துப் பிள்ளையின் பென்சிலைச் சீவிக் கொடுப்பாள், திரும்பி வந்து எங்கே விட்டோம் என்று தேடுவாள். ஆஸ்பத்திரியில் பிள்ளைகளுக்கான டாக்டர் நாலைந்து தடவை வரச் சொல்லி, பள்ளிக்கூடத்திலும் விசாரித்து, அதற்குப் பிறகுதான் மாத்திரை எழுதினார். அதுவும் பள்ளிக்கூட நாளில் மட்டும். சனி, ஞாயிறு கிடையாது.

இதையெல்லாம் நான் கேட்டுத் தெரிந்துகொண்டேனா? இல்லை. தெரியாமலே எழுத எனக்குத்தான் வாரம் ஒரு பக்கம் கொடுத்திருக்கிறார்களே!

இதைவிட மோசம் ஒன்று உண்டு. மல்லிகாவின் கணவர் சேகர் என் கட்டுரையைக் கத்தரித்து பிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டார். அவருக்கு ஆரம்பத்திலிருந்தே மாத்திரை பிடிக்கவில்லை. "உன் அக்காவே எழுதிட்டாங்க, அப்புறம் என்ன?" என்று சொல்லி, அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும் நாளோடு நிறுத்திவிட வேண்டும் என்று முடிவே கட்டிவிட்டார். அந்த வீட்டில் தினமும் இதே சண்டை. எனக்கு ஒன்றும் தெரியாது. நான் பாராட்டுக் கடிதங்களில் மிதந்துகொண்டிருந்தேன்.

அப்படியிருக்கும்போதுதான் மல்லிகாவின் போன் வந்தது.

"அக்கா, சனிக்கிழமை கே.எல்.ல எனக்கு டிரெய்னிங். அவருக்குத் துறைமுகத்துல ஷிப்ட். ஷாமினிய ஒரு நாள் பாத்துக்குவீங்களா?"

"இதென்ன கேள்வி? கொண்டாந்து விடு லா."

சனிக்கிழமை காலையில் கொமூட்டர் ரயிலில் வந்து இறங்கினார்கள். வீட்டுப்பாடம் செய்யட்டும் என்று பள்ளிப் பையும் வந்திருந்தது. அதன் பக்கவாட்டுப் பையைத் தொட்டுக் காட்டி மல்லிகா சொன்னாள்: "காலி கேமரா பிலிம் டப்பாவுல திங்கக்கிழமை மாத்திரை இருக்கு அக்கா. இன்னிக்கு அவளுக்கு லீவு. குடுக்க வேணாம்."

"நான் ஏன் குடுக்கப் போறேன்?" என்றேன். கட்டுரை எழுதிய மிடுக்கு!

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் என் வீடு மூன்றாம் மாடி. சமையலறை ஜன்னலைத் திறந்தால் தண்டவாளம். ஷாமினிக்கு அதைவிட என்ன வேண்டும்? ஒவ்வொரு ரயிலுக்கும் ஓடி வந்தாள். "பெரியம்மா, கூட்ஸு வண்டி! இருபத்தி மூணு பெட்டி!" நடுவில் என் தையல் பெட்டியைக் கொட்டி நூல்கண்டுகளை நிறவாரியாக அடுக்கினாள், பாதியில் விட்டாள். எதிர்வீட்டுச் சீனப் பாட்டியின் மணியை அடித்து, 'சாப்பிட்டீங்களா?' என்று மலாயில் கேட்டுவிட்டு வந்தாள். குளியலறைக் குழாயைத் திறந்தவள் மூடவில்லை. மறுபடி ரயில். மறுபடி "பெரியம்மா!"

என் கட்டுரையோ நாலு மணிக்குள் கீழே ஸ்டேஷனரி கடையிலிருந்து ஆசிரியருக்கு பேக்ஸ் ஆக வேண்டும். மூன்று முறை தொடங்கினேன். மூன்று முறையும் முதல் பாராவிலேயே ரயில் வந்தது. எதைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன் என்கிறீர்கள்? மினி பஸ் டிரைவர்களுக்குப் பொறுமையே இல்லை என்று!

மதியம் ஒன்றரைக்கு நான் எழுந்து போய்ப் பிலிம் டப்பாவைத் திறந்தேன்.

"ஷாமினி, இதச் சாப்பிட்டுடும்மா."

அன்று முழுவதும் நிற்காத பிள்ளை, நின்றாள். மாத்திரையைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னிக்கு சனிக்கிழமை, பெரியம்மா."

"தெரியும் கண்ணு. ஒரே ஒரு நாள்தான்."

"நான் என்ன செஞ்சேன்?"

தண்ணீர் டம்ளரை நீட்டினேன். வாங்கிக் குடித்தாள். அவ்வளவு நல்ல பிள்ளை.

கொஞ்ச நேரத்தில் வீடு அமைதியானது. ஷாமினி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள். முடித்துவிட்டு இன்னொரு பக்கமும் எழுதினாள். நானும் எழுதினேன், சரளமாக வந்தது. பாதியில் ஒரு ரயில் போனது. அவள் எழுந்திருக்கவில்லை. இன்னொன்று போனது. எத்தனை பெட்டி என்று யாரும் சொல்லவில்லை. கடைசியில் நானே எட்டிப் பார்த்து எண்ணினேன்.

நாலு மணிக்கு பேக்ஸ் போய்விட்டது. மினி பஸ் டிரைவர்களைக் கிழித்திருந்தேன். போன வாரம் படித்துவிட்டு 'அருமை' என்று சொன்ன வாசகர்கள் தயவுசெய்து திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆறு மணிக்கு மல்லிகா வந்தாள். மேசையில் வாங்கி வைத்த மீ கோரேங் நூடுல்ஸ் பொட்டலம் பிரித்தபடி அப்படியே இருந்தது. அந்த மாத்திரை சாப்பிட்டால் ஷாமினிக்குப் பசிக்காதாம், அதுவும் எனக்குத் தெரியாது. மல்லிகா பொட்டலத்தைப் பார்த்தாள். மகளின் முகத்தைப் பார்த்தாள். நேரே போய்ப் பிலிம் டப்பாவை எடுத்து ஆட்டினாள். சத்தமில்லை.

"குடுத்துட்டீங்களா?"

"கட்டுரை முடிக்கணும்னு..." என்று இழுத்தேன்.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை.

"அக்கா, சனி ஞாயிறு எனக்கு மண்டை வெடிக்கும். ஒரு நாள் கூட என் நிம்மதிக்காக நான் இத எடுத்துக் குடுத்ததில்ல. அவ படிக்கிறதுக்குக் குடுத்தது. உங்கள நம்பித்தானே விட்டுட்டுப் போனேன்?"

பிறகு பையிலிருந்து சொல்வதெழுதுதல் நோட்டை எடுத்து என் முன் போட்டாள். பழைய பக்கங்களில் மூன்று வரி, நாலு வரி, அப்புறம் வெறுமை, சிவப்பு மை. அதற்குப் பிறகு ஒரு பக்கம் முழுதும் எழுத்து. கோணல்மாணலாக இருந்தாலும் கடைசி வரி வரைக்கும் எழுத்து.

"மாத்திரை தொடங்கி பத்தாவது நாள் இது. 'அம்மா, நான் முடிச்சிட்டேன்'னு ஸ்கூல் கேட்லேருந்தே கத்திக்கிட்டு ஓடியாந்தா. அவ மக்கு இல்லன்னு அவளுக்கே அன்னைக்குத்தான் தெரிஞ்சிச்சு. நான் ரோட்டுலயே நின்னு அழுதேன். இத நீங்க எழுதலையே அக்கா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. இதற்கு நயமான வார்த்தை எதுவும் தேடப் போவதில்லை. வெட்கம்தான்.

பிரிட்ஜ் கதவுச் சங்கதியும் மல்லிகா அன்றைக்குச் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மறுநாள் சேகருக்குப் போன் செய்தேன். "தம்பி, பிரிட்ஜுல இருக்கிற கட்டுரைய முதல்ல கழட்டுங்க."

"எழுதுனது நீங்கதானே அக்கா? அன்னைக்கு எழுதுனது உண்மையா, இன்னிக்குச் சொல்றது உண்மையா?"

நல்ல கேள்வி. எனக்கு வந்த அத்தனை கடிதத்திலும் இப்படி ஒரு கேள்வி இல்லை.

"அன்னைக்கு எழுதும்போது உங்க மகளோட நான் ஒரு நாள் கூட முழுசா இருந்ததில்ல தம்பி."

அவர் குரல் இறங்கியது. "எனக்குப் பயம்கா. பழகிடுமோ, புள்ள சோந்து போயிடுவாளோன்னு. சாப்பிடவும் மாட்டேங்குறா."

பயப்படாத அப்பன் உண்டா? அவரிடம் மாத்திரை நல்லது என்றும் நான் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை. "அந்தப் பயத்த அப்படியே டாக்டர்கிட்ட போய்ச் சொல்லுங்க. என் கட்டுரைகிட்ட கேக்காதீங்க" என்றேன். இதுவரை அவர் ஆஸ்பத்திரிக்குப் போனதே இல்லையாம், எப்போதும் மல்லிகா மட்டும்தான். இந்த முறை லீவு போட்டுவிட்டு அவரும் போகிறார். நிறுத்துவதா தொடர்வதா, பிள்ளையோடு மூவரும் டாக்டரும் பேசி முடிவெடுக்கட்டும்.

சரி, கவனம் நிற்காத பிள்ளைகளுக்கு மருந்து கொடுக்கலாமா, கூடாதா? ஆறு வாரத்துக்கு முன் எனக்குப் பதில் தெரிந்திருந்தது. இப்போது தெரியவில்லை. ஒரு பிள்ளைக்கு அது வரி முடிக்கக் கை கொடுக்கிறது என்பதை நோட்டில் பார்த்தேன். அதே மாத்திரை ஒரு பெரிய மனுஷியின் வசதிக்காக உள்ளே போனதையும் பார்த்தேன், கொடுத்த கை என்னுடையது. மாத்திரை என்னவோ ஒன்றுதான். இது யாருக்காக என்று டப்பாவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் கேட்டாக வேண்டும் போலிருக்கிறது. மல்லிகா கேட்டுக்கொள்கிறாள். நான் கேட்கவில்லை.

இன்று மறுபடியும் சனிக்கிழமை. ஷாமினியை அனுப்பச் சொல்லி நான்தான் கெஞ்சினேன். மல்லிகா யோசித்துவிட்டுத்தான் கொண்டு வந்து விட்டாள். பிலிம் டப்பா வரவில்லை.

பிள்ளையை மடியில் இழுத்து உட்கார வைத்துச் சொன்னேன். "அன்னைக்கு நீ ஒண்ணுமே செய்யல கண்ணு. பெரியம்மாவுக்குத்தான் பொறுமை இல்ல. தப்பு பெரியம்மா மேலதான்."

ஷாமினி நெற்றியைச் சுருக்கி யோசித்தாள்.

"அப்ப நீங்கதானே அந்த மாத்திரைய சாப்பிட்டிருக்கணும்?"

சொல்லிவிட்டு இறங்கி ஓடினாள். ஜன்னல் பக்கம் சத்தம்.

மணி நாலாகிவிட்டது. கட்டுரை முடியவில்லை. ஆசிரியருக்குப் போன் செய்து, இந்த வாரம் தாமதமாகும் என்றேன். என்ன காரணம் என்று கேட்டார்.

ரயில் என்றேன்.