கரண்ட் வந்ததும் ஒரு போன்

கரண்ட் போய்த் திரும்பி வரும்போது முதலில் ஃபேன் சுற்றும், பிறகு மோடத்தின் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக எரியும். மந்தைவெளி வீட்டில் அந்த விளக்குகளைப் பார்த்தால் இன்றும் என் கை போனைத் தேடுகிறது. தம்பியைக் கூப்பிட்டுப் பழகிய கை.

தம்பி ஈக்காட்டுத்தாங்கலில் ஓர் அலுவலகத்தில் கணினிகளைப் பராமரித்து வந்தான். நான் வீட்டிலிருந்தே பதிப்பகங்களுக்கு மெய்ப்பு பார்ப்பவள். அம்மா போன பிறகு வீட்டில் நான் மட்டும்தான். என் பழைய கணினியில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தவன் அவன். நன்றாகத்தான் ஓடியது. ஒரே ஒரு தொல்லை, கரண்ட் போய் வந்தால் இணைப்பு இருக்கும், ஒரு பக்கமும் திறக்காது.

அதற்கு அவன் சொன்ன விளக்கம் இது. நாம் வலைத்தளத்தின் பெயரை அடிக்கிறோம். அந்தப் பெயருக்குரிய எண்ணை எங்கோ இருக்கும் ஒரு கணினியிடம் கேட்டுத்தான் நம் கணினி அங்கே போகும். யாரிடம் கேட்பது என்பதை மோடம் தானாகவே சொல்லிக் கொடுக்கும். எங்கள் மோடம் காட்டிய இடமோ வாயே திறக்காத இடம். ஆகவே அந்த விலாசத்தை அழித்துவிட்டு, ஒழுங்காகப் பதில் சொல்லும் வேறொரு விலாசத்தைக் கையால் எழுத வேண்டும். அடுத்த முறை கரண்ட் போய் வந்தால் மோடம் திரும்பவும் தன்னுடையதையே எழுதி வைக்கும்.

"இன்னாக்கா, மறுபடியும் ஊமையாயிடுச்சா?" என்றுதான் போனை எடுப்பான். கட்டளைகளை அடிக்கும் கறுப்புத் திரையைத் திறக்கச் சொல்லி, எழுத்தெழுத்தாகச் சொல்லுவான். நான் தப்பாக அடித்தால் சிரிப்பான். சும்மா கூப்பிட்டு நலம் விசாரிக்கிற ஆளே இல்லை அவன். பிறந்தநாளுக்குக்கூட வாட்ஸ்அப்பில் ஒரு கேக் படம்தான் வரும். ஆனால் பக்கம் திறந்த பிறகும் போனை வைக்க மாட்டான். பிரஷர் மாத்திரை போட்டேனா, என்ன சமையல், மாடி வீட்டுக்காரர் இன்னும் மோட்டாருக்குச் சண்டை போடுகிறாரா என்று இழுத்துக்கொண்டே இருப்பான். இவ்வளவு படித்தும் இதை ஒரேயடியாகச் சரிசெய்யத் தெரியவில்லையா என்று நானும் விடாமல் வம்புக்கு இழுப்பேன்.

"அது அப்டித்தான்க்கா. எனக்கு ஒரு போன் அடி, போதும்."

மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால், அலுவலகத்தில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. காரியங்கள் முடிந்து சில நாட்களில் கரண்ட் போய் வந்தது. அச்சுக்குப் போக வேண்டிய புத்தகம் கணினியில் கிடந்தது, அனுப்ப வழியில்லை. அவன் சொல்லச் சொல்ல நான் எத்தனையோ முறை அடித்த எழுத்துகள்தான். அவன் குரல் இல்லாமல் விரல்களுக்கு ஒன்றும் வரவில்லை. கடைசியில் அவனோடு வேலை பார்த்த நண்பரைக் கூப்பிட்டேன்.

அவர் கறுப்புத் திரை பக்கமே போகவில்லை. நெட்வொர்க் அமைப்புகளைத் திறந்து, மோடம் தருவதைத் தானாக எடுத்துக்கொள்ளும் வசதியை அணைத்தார், ஒழுங்காகப் பதில் சொல்லும் அந்த விலாசத்தை அங்கேயே எழுதிச் சேமித்தார். நான் கொடுத்த காபி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. மோடத்தை அணைத்துப் போட்டுக் காட்டினார். பக்கம் திறந்தது. இவ்வளவுதானா என்று கேட்டேன்.

"இவ்ளோதான்க்கா. ஆபீஸ்ல எங்களுக்கு இத சொல்லிக் குடுத்ததே அவன்தான். உங்க வீட்ல மட்டும் ஏன் இப்டி விட்டு வெச்சான்னு தெரில." பிறகு எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, "இனிமே நீங்க யாருக்கும் போன் பண்ண வேணாம்" என்றார்.

அவருக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் படியிறங்கும் வரை பொறுத்திருந்து, சமையலறையில் நின்று வாய்விட்டு அழுதேன்.

நேற்றும் கரண்ட் போய் வந்தது. ஃபேன் சுற்றியது, பச்சை விளக்குகள் எரிந்தன. போனைக் கையில் வைத்துக்கொண்டு கணினியின் முன் உட்கார்ந்தேன். பக்கம் திறக்கக் கூடாது என்று ஒரு கணம் வேண்டிக்கொண்டேன். உடனே திறந்துவிட்டது.