தேசப்பனின் கண்ணுக்குள் ஒரு முகத்துவாரம்

1. முதல் படம்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். எளாவூரில் லாரி கிளீனர், ஆந்திரப் பக்கம் எறால் பண்ணைக் காவல், சென்னையில் மூட்டை தூக்கல் என்று எந்த வேலையிலும் நிலைத்ததில்லை. கண் பரிசோதனை வேனுக்கு டிரைவராகத்தான் போனேன். கேமரா ஆபரேட்டர் வேலையை விட்டு நின்றுவிட்டதால், வேனின் டாக்டரம்மா என்னைக் கண்ணின் உட்புறத்தைப் படமெடுக்கும் ஃபண்டஸ் கேமரா முன்னால் உட்கார வைத்தார். வருபவர் தாடையை ஸ்டாண்டில் வைக்க வேண்டும், பச்சைப் புள்ளியைப் பார்க்க வேண்டும், ஃபோகஸ் வந்ததும் நான் பட்டனை அழுத்த வேண்டும். அவ்வளவுதான் வேலை.

முதல் படம் மானிட்டரில் விழுந்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். ஆரஞ்சு நிறத்தில் ஒரு வட்டம். ஒரு பக்கமாக வெளிச்சப் பொட்டு. அங்கிருந்து சிவப்புக் குழாய்கள் கிளை கிளையாக ஓடின.

"அந்தப் பொட்டுதான் ஆப்டிக் டிஸ்க். மூளைக்குப் போற நரம்பு அங்கதான் ஆரம்பிக்குது. உடம்பை அறுக்காம மூளையோட ஒரு பகுதியைப் பாக்கணும்னா, இந்த ஜன்னல் ஒண்ணுதான்" என்றார் டாக்டரம்மா.

பசியோடு படுத்திருக்கிறேன், அடி வாங்கியிருக்கிறேன். அப்போதெல்லாம் எனக்குள்ளும் இப்படி ஒன்று எரிந்துகொண்டிருந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் மலைப்பாக இருக்கிறது.

2. கண்ணில் குறை வேண்டும்

பழவேற்காட்டுக்குப் பக்கத்து மீனவர் ஊர் ஒன்றில், புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் கேம்ப். கன்னியம்மா தன் கணவர் தேசப்பனை அழைத்து வந்தார். என் காதருகே குனிந்து கேட்டார்:

"தம்பி, இவுருக்குக் கண்ணு தெர்லனு எழுதிக் குடுப்பீங்களா?"

எறால் கிடைக்கும் இடங்களை அங்கே முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்வார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். தன் பாடு இல்லாத நாளில் வலை போட்டால் ஊர்க்கூட்டம் கூடும், போட்டவரின் பாட்டையே நிறுத்திவிடும். தேசப்பன் திரும்பத் திரும்ப அடுத்தவர் முறைக்கு உரிய இடத்தில் வலை போட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை கூட்டம். கண் மங்கி இடம் தெரியாமல் போட்டார் என்று சொன்னால் ஊர் விட்டுவிடும் என்பது கன்னியம்மாவின் நம்பிக்கை.

பாட்டைப் பறிகொடுத்த கஜேந்திரனும் அதே வரிசையில் நின்றான். "கண்ணுல இன்னா கோளாறு? அடுத்தவன் எறாலு மட்டும் பளிச்சுனு தெரிது அண்ணனுக்கு" என்றான். வரிசையே சிரித்தது. தேசப்பனும் கூடச் சிரித்தார்.

அவர் பார்வை போர்டைக் கடைசி வரிவரை தப்பில்லாமல் படித்தார். கேடராக்டும் இல்லை. கன்னியம்மாவின் முகம் விழுந்துவிட்டது.

நான் படம் எடுத்தேன். டாக்டரம்மா அதை வெகுநேரம் பார்த்துவிட்டுத் தேசப்பனிடம் கேட்டார்: "இன்னிக்கு இன்னா கிழமை நைனா?"

தேசப்பன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "அது... அவளுக்குத் தெரியும்."

"எந்தக் கிழமை யாரு பாடுன்னு ஊருக்கே சொல்ற ஆளும்மா இவுரு" என்றார் கன்னியம்மா. "இப்போ சோறு துன்னதையே மறந்துட்டு மறுபடி தட்டு வெக்கச் சொல்றாரு. வெளிய சொன்னா பைத்தியம்னுவாங்கோ. அதான் கண்ணுனு சொன்னேன்."

பிறகு கன்னியம்மாவே வாசலைப் பார்த்துக் கூப்பிட்டார். "கஜா, உள்ள வா. நீயும் பாரு. நீதான நம்பல."

கஜேந்திரன் வந்து மானிட்டர் முன்னால் நின்றான். அவன் வாயில் கேலி நின்றுபோயிற்று.

"இன்னாது இது? நம்ம ஏரி மேரியே கீது. இந்த வெளிச்சம் முகத்துவாரம். இதெல்லாம் கால்வா." பொட்டுக்கு மேலே விரலை நிறுத்தினான். "இங்க சன்னமா கீதே. மண்ணு தூந்து போச்சா?"

"குழாய் மெலிஞ்சிருக்கு" என்றார் டாக்டரம்மா. "பிபி இருந்தாலும், வயசானாலும் இப்படி ஆகும். அல்சைமர்னு ஒரு மறதி நோய். அது வர்றவங்க சிலருக்கும் விழித்திரையில மாற்றம் தெரியுதுன்னு ஆராய்ச்சி பண்றாங்க. இந்தப் படத்தை மட்டும் வெச்சு அந்த நோய்னு சொல்லக் கூடாது. ஆனா அம்மா சொல்றதையும் சேத்துப் பாத்தா, சென்னையில நரம்பு டாக்டர்கிட்ட உடனே காட்டணும்."

கஜேந்திரன் தேசப்பனைப் பார்த்தான். "ஏண்ணே, என் பாடுன்னு தெரியாமயா போட்ட?"

"உன் பாடா?" என்றார் தேசப்பன். "நம்மளுதுன்னுல்ல நெனச்சேன்."

3. மறு கேம்ப்

சென்னையில் ஸ்கேன் எடுத்து, ஞாபக டெஸ்ட் வைத்து, மறதி நோயின் ஆரம்பம்தான் என்றார்கள். கூட்டத்தில் கஜேந்திரனே எழுந்து புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டானாம். தேசப்பனின் பாடு அவருக்கே இருக்கட்டும், தனியாக மட்டும் போகக் கூடாது என்று ஊர் சொன்னது. "நானே இட்டுனு போறேன்" என்றானாம் கஜேந்திரன்.

வேனில் புதிதாகச் சேர்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். படம் தீர்ப்புச் சொல்லாது, எந்தப் பக்கம் தேட வேண்டும் என்று காட்டும். மீதியைக் கூட வந்தவரிடம் கேட்க வேண்டும். அவர் முதலில் சொல்வது பெரும்பாலும் வேறொன்றாக இருக்கும்.

அடுத்த முறை போனபோது தேசப்பன் கஜேந்திரனோடு வந்து கேமரா முன்னால் உட்கார்ந்தார்.

"இன்னா மிஷினுபா இது? மொத தபா பாக்குறேன்."

பச்சைப் புள்ளியைக் காட்டினேன். படம் விழுந்ததும் அவர் பக்கம் மானிட்டரைத் திருப்பினேன்.

"என்னுதா இது?" என்றார். "யம்மா, எவ்ளோ அழகா கீது!"

எத்தனையோ கண்களைப் பார்த்தாகிவிட்டது. ஆனாலும் அவரோடு சேர்ந்து நானும் முதல் முறை போலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கஜேந்திரன் அவர் தோளைத் தொட்டான். "வாண்ணே, போலாம். இன்னிக்கு உன் பாடு."