பகலில் தூங்குகிற வீடு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கோவில்பட்டியில் எங்கள் தெருவில் இதை யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. சென்னைக்கு வந்த பிறகு ஒவ்வொருவருக்கும் தெரியப்படுத்த வேண்டியிருந்தது. முதலில் தெரிந்துகொண்டவர் வீட்டு புரோக்கர். முடிச்சூரில் ஒரு வீட்டைக் காட்டி, "சூப்பர் ஏரியா மேடம், காத்து பிச்சிக்கினு வரும்" என்றார். மழைக்காலத்தில் தண்ணீர் எதுவரை வரும் என்று கேட்டேன். மனுஷன் வானத்தைப் பார்த்தார். "காத்தை வச்சு நான் என்ன பாய்மரமா கட்டப் போறேன்?" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன். அடுத்து அவர் காட்டியதுதான் ராஜகீழ்ப்பாக்கத்து வீடு.

கீழே நான், மாடியில் வீட்டுக்காரர்கள். வீட்டுக்கார அக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, கழுத்தில் சின்னதாக ஒரு சிலுவை, பேச்சு எப்போதும் கிசுகிசு. ஏதோ ரகசியம் சொல்கிற மாதிரியே "குப்பையை வெளிய வச்சிடுங்க" என்பார். பிள்ளைகள் இல்லை. கணவருக்கு ரயில்வேயில் வேலை என்று புரோக்கர் சொல்லியிருந்தார். டிக்கெட் கவுண்டரில் உட்காருகிறவர் போல என்று நானாக முடிவு செய்துகொண்டேன். காலையில் நான் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போதும் மாடி அமைதியாக இருக்கும், திரும்பி வரும்போதும் அமைதியாக இருக்கும். அவரை நான் பார்த்ததே இல்லை.

அந்த வீட்டில் சில விஷயங்கள் கோளாறாகவே இருந்தன. காலிங் பெல் வேலை செய்யாது. சரி பண்ணச் சொன்னால் அக்கா, "இருக்கட்டும்மா" என்பார். சனிக்கிழமைகளில் காய்கறி வண்டிக்காரர் தக்காளி விலையை ஸ்பீக்கரில் அலறவிட்டுக்கொண்டு வருவார். எங்கள் கேட்டுக்கு அருகில் வந்ததும் ஸ்பீக்கர் அணைந்துபோகும், சில வீடுகள் தாண்டியதும் மறுபடி அலறும். மெஷின் பழசு என்று நினைத்தேன். மாடியிலிருந்து ஒரு நாளும் குக்கர் விசில் கேட்டதில்லை. அதைப் பற்றி நான் எதுவும் நினைக்கவில்லை.

எனக்கு வேலை தாம்பரம் சானடோரியம் பக்கத்தில், ஏற்றுமதி வளாகத்துக்குள் ஒரு கம்பெனியில். ஒயர்களின் முனையில் மாட்டுகிற சின்னச் சின்னப் பாகங்களை லென்ஸுக்கு அடியில் வைத்து, நல்லது கெட்டது பிரிக்க வேண்டும். பகல் முழுக்க ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தே இருப்பேன். அங்கே யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால், "லஞ்ச் முடிஞ்சுதா?" என்று கேட்டவர்கள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஊரில் ஒரு டீ குடிக்கப் போனால் அரை மணி நேரம் வாயடித்துவிட்டு வருகிறவள் நான். இங்கே என் குரலை நானே மறந்துபோய்விடுவேன் போலிருந்தது.

சாயங்காலம் அம்மா போன் பண்ணுவாள். "நல்லா இருக்கியா தாயி?"

"எனக்கென்ன குறைச்சல்? ராணி கணக்கா இருக்கேன்."

போனை வைத்த கையோடு ராணி குளியலறைக்குப் போவாள். குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, வாளிக்குப் பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்து அழுவாள். சண்டையென்றால் நடுத்தெருவில் நின்று போடுகிறவள்தான் நான். அழுவதற்கு மட்டும் எனக்கு அப்படி ஒரு வெட்கம். மாடிக்குக் கேட்டுவிடக் கூடாது என்றுதான் குழாய்.

ஒரு நாள் அக்கா கீழே இறங்கி வந்து வாசலில் நின்றார். எதையோ சொல்ல வந்து சொல்லாமல், சேலை நுனியைத் திருகிக்கொண்டு, "தண்ணி... ரொம்ப நேரம் ஓடுதேம்மா" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "வாடகை வாங்கிட்டுத் தண்ணியையும் எண்ணுவீகளாக்கா? அப்ப மீட்டர் வச்சிருங்க, ஓடுற ஓட்டத்துக்குக் காசு குடுத்துடுறேன்."

"அதுக்கில்லம்மா..." என்று இழுத்துவிட்டு மேலே போய்விட்டார். கஞ்சப் பிசினாறி என்று முணுமுணுத்துக்கொண்டு கதவைச் சாத்தினேன்.

நாய்க்குட்டி வந்தது என் திட்டத்திலேயே இல்லை. ஒரு மழை நாளில் சானடோரியம் டீக்கடை பெஞ்சுக்கு அடியிலிருந்து எதுவோ என் செருப்பு வாரை நக்கியது. குனிந்து பார்த்தால், செம்மண் நிறத்தில், வால் நுனி மட்டும் வெள்ளையாக, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஜீவன். டீக்கடைக்காரர், "எடுத்துக்கினு போக்கா. இங்க கீதுன்னா எவனாவது மிதிச்சிட்டுப் பூடுவான்" என்றார். வீடு பேசும்போது கறி சமைப்பீர்களா, ஆள் வருமா என்றெல்லாம் புரோக்கர் கேட்டிருந்தார். நாயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு நான் ஏன் பதில் சொல்ல வேண்டும்? துப்பட்டாவில் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

பெயர் வைக்கவில்லை. "ஏலேய்" என்று கூப்பிடுவேன், உருண்டுகொண்டு வரும். நான் பேசப் பேசத் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துக் கேட்கும். கம்பெனியில் லைன் லீடர் முறைத்தது, பஸ்ஸில் ஒருத்தி பையை வைத்து இடம் பிடித்தது, எல்லாவற்றையும் அதனிடம் கொட்டினேன். அம்மாவிடம் பேசிவிட்டு எழுந்தால் அது என் காலின் மேலேயே ஏறிப் படுத்துக்கொள்ளும். அதை நகர்த்திவிட்டுப் போய் அழுவதற்கு மனசு வரவில்லை. குழாய் தானாக நின்றுபோனது. இந்த ஊரில் இருந்துவிடலாம் என்று எனக்கு முதன்முதலாகத் தோன்றியது அப்போதுதான்.

ஆனால் நான் வேலைக்குப் போனதும் அது அழ ஆரம்பித்திருக்கிறது. சும்மா முனகல் இல்லை, பகல் முழுக்க ஊளை. எனக்கு எப்படித் தெரியும்? அக்கா வந்து சொன்னார். பழைய சட்டையைப் போட்டுவிட்டுப் போனேன், ரேடியோவை ஓடவிட்டேன், பந்து வாங்கிப் போட்டேன். ஒன்றும் பலிக்கவில்லை. அக்கா மறுபடி வந்தார், மறுபடியும் வந்தார். கடைசியாக வந்த அன்று அவர் முகம் வாடிப்போயிருந்தது. அதே கிசுகிசுப்பில், "இனிமே முடியாதும்மா. நாயை வேற எங்கயாவது குடுத்துடுங்க. இல்லன்னா வேற வீடு பாத்துக்குங்க" என்றார்.

நான் வாசலுக்கே வந்துவிட்டேன். "நாய் பகல்லதானக்கா அழுவுது, ராத்திரி வாயத் தொறக்குதா? பகல்ல எந்த வீட்டுல தூங்குவாக? உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா, இல்லையா?"

அக்கா திரும்பி மாடி ஏறிப் போனார். ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

சனிக்கிழமை காலையில் கேட்டுக்கு வெளியே மீன்கார அக்கா கூடையை இறக்கி வைத்திருந்தார். கடற்கரைக் குப்பத்திலிருந்து வருகிறவர். பக்கத்துத் தெருவில் அவர் கூவினால் நம் தெருவில் காது அடைக்கும். இங்கே வந்து ஊமை மாதிரி சங்கரா மீனைத் தூக்கிக் காட்டினார். "என்ன விலை?" என்று நான் வழக்கமான தொண்டையில் கேட்டதும் பதறிப்போய்விட்டார்.

"ஐய, மெல்ல பேசும்மா! மேல அண்ணன் தூங்குறாரு."

"பொழுது விடிஞ்சு எம்புட்டு நேரமாச்சு, இப்பப் போய்த் தூங்குறாரா?"

"இன்னாம்மா, அதே வூட்ல இருந்துக்கினு உனுக்குத் தெரியாதா? அவரு ரயில் ஓட்றாரும்மா. நைட்டு பூரா ஓட்டிக்கினு இப்பத்தான் வந்து படுத்தாரு. இந்த வூட்டாண்ட நாங்க யாரும் கத்த மாட்டோம்."

காய்கறி வண்டி ஸ்பீக்கர், ஒயரைப் பிடுங்கிவிட்ட காலிங் பெல், விசில் வைக்காமல் சோறு வடிக்கிற அக்கா, அவருடைய கிசுகிசுப் பேச்சு. எல்லாம் ஒன்றாக வந்து என் மண்டையில் இறங்கின. நான் சென்னைக்கு வந்ததும் ராத்திரி வண்டியில்தான். பெர்த்தில் குறட்டை விட்டுத் தூங்கி, தாம்பரத்தில் யாரோ தட்டி எழுப்பித்தான் இறங்கினேன். முன்னால் எஞ்சினில் ஒருவர் கண்ணைச் சிமிட்டாமல் உட்கார்ந்திருந்திருப்பார். அந்த ஆள் பகலில் எங்கே, எப்படித் தூங்கினார் என்று நான் என்றைக்காவது நினைத்தேனா? மீன் வாங்காமலே உள்ளே வந்துவிட்டேன்.

அன்று மத்தியானம் குட்டியை வெளியே விட்டபோது அக்காவின் கணவர் மாடிப்படியில் இறங்கி வந்தார். அவரை முதன்முதலாக அப்போதுதான் பார்த்தேன். கண் இரண்டும் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தன. திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் குட்டியின் தலையில் ஒரு விரலை வைத்துத் தடவி, "சாப்பிடுதாம்மா?" என்று மட்டும் கேட்டார். ஒரு அறை விட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அம்மா கொடுத்துவிட்டிருந்த கடலைமிட்டாய் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். "தெரியாமப் பேசிட்டேன்க்கா" என்றேன்.

அக்கா பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். "அவர் பின்னாடி ரயில் நிறைய ஜனங்க தூங்கிட்டு வராங்கம்மா. இவர் இங்க தூங்கினாத்தான் அவங்க அங்க தூங்க முடியும். ஒரு வாரமா கண்ணை மூடல. எனக்கு பயமா இருக்கு" என்றார். குன்றத்தூர் பக்கம் தம்பிக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது, அங்கே விட்டால் குட்டி சுதந்திரமாக ஓடியாடும் என்றார். ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே கொண்டுபோய் விட்டுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

அன்று சாயங்காலம் அம்மா கேட்டாள். ராணி கணக்காக இருக்கிறேன் என்றேன். குட்டி என் காலில் ஏறிப் படுக்க வந்தது. அதை நகர்த்திவிட்டுப் போய்க் குழாயைத் திறந்தேன்.

காலையில் ஆட்டோ வந்தது. குட்டியைக் குளிப்பாட்டி, அதன் தட்டையும் அது கடித்துக் கிழித்த துப்பட்டாவையும் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். கேட்டைப் பிடித்துக்கொண்டு அக்கா நின்றிருந்தார். அவர் கணவர் டியூட்டிக்குப் போயிருந்தார்.

"நேத்து மறுபடியும் தண்ணி ஓடுச்சு" என்றார்.

எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை. "இனிமே பாத்துத் திறக்கிறேன்க்கா."

"நாய் வந்ததுலேர்ந்து நின்னிருந்துச்சு." அக்கா என் முகத்தை நேராகப் பார்த்தார். "உன் நாய் பகல்ல அழுவுது. நீ சாயங்காலம் அழுவுற. ரெண்டும் எனக்குக் கேக்குது."

"நான் ஒண்ணும் அழல."

"பைப்பைத் திறந்தா கேக்காதுன்னு நினைச்சியா? தண்ணி சத்தம் வேற, அழுவுற சத்தம் வேறம்மா. அன்னைக்கே கேக்கத்தான் வந்தேன். ஏன் அழுவுறன்னு ஒரு பொண்ணுகிட்ட எப்படி எடுத்தவுடனே கேக்குறது? தண்ணின்னு ஆரம்பிச்சேன். நீ மீட்டர் வைக்கச் சொல்லிட்ட."

அதுவரை 'நீங்க, வாங்க' என்றவர் எப்போது 'நீ'க்கு மாறினார் என்று நான் கவனிக்கவில்லை. அக்கா கையை நீட்டினார்.

"குடு இங்க. தனியா அடைச்சு வச்சா எதுதான் அழாது? பகல்ல மேல என்கூட இருக்கட்டும். நாளைக்கு ஒரு நாள் பாப்போம். அவர் தூங்கிட்டார்னா சரி. தூங்கலன்னா, என் மேல கோவப்படக் கூடாது, தோப்புக்குத்தான்."

ஆட்டோக்காரர், "இன்னாக்கா, சவாரி கீதா இல்லியா?" என்றார். அக்காவே அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பினார்.

திங்கட்கிழமை எந்தப் பாகம் நல்லது, எது கெட்டது என்று எனக்குத் தெரியவில்லை. லென்ஸுக்கு அடியில் எல்லாமே கலங்கித் தெரிந்தன. பக்கத்து மேஜைப் பெண், "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்தும் நின்றாள். நாய்க்குட்டி என்று ஆரம்பித்தேன், முடிக்க முடியவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கி வேளச்சேரி சாலையை எப்படிக் கடந்தேன் என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம். கேட்டைத் திறந்தேன். குட்டி ஓடி வரவில்லை. "ஏலேய்" என்று மெதுவாகக் கூப்பிட்டுப் பார்த்தேன். சத்தமே இல்லை. தோப்புக்குப் போய்விட்டது என்றே முடிவு செய்துவிட்டேன். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினேன்.

அக்கா உதட்டில் விரலை வைத்துக்கொண்டு கதவைத் திறந்தார். உள் அறையைக் காட்டினார். ஜன்னலுக்குக் கருப்புத் துணி கட்டியிருந்தது. மின்விசிறிக்குக் கீழே அவர் கணவர் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். கட்டிலுக்குக் கீழே தொங்கிய அவருடைய கையின் மேல் தாடையை வைத்துக்கொண்டு குட்டியும் தூங்கிக்கொண்டிருந்தது. வெள்ளை வால் நுனி மட்டும் ஒரு முறை அசைந்தது.

"காலைல படுத்ததுதான்" என்று அக்கா என் காதில் சொன்னார். "ரெண்டு பேரும் எழுந்திருக்கவே இல்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வாயைப் பொத்திப் பார்த்தேன், நிற்கவில்லை. அக்கா என் முழங்கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார். குழாயைத் திறந்துவிட்டார்.

"அழுதுக்கோ" என்றார். "சீக்கிரம் முடிச்சிக்கோ, டேங்க்ல தண்ணி கொஞ்சம்தான் இருக்கு. மோட்டார் போட்டா எழுந்துடுவாரு."