நீல வாளி

புத்தளக் கரையோர ஆஸ்பத்திரி ஒன்றின் டெங்கு வார்டில் தாதியாக இருந்தேன். சிரட்டையைக் கவிழுங்கள், டயரை எறியுங்கள், தண்ணீரை மூடுங்கள் என்று வந்தவர் போனவருக்கெல்லாம் வாய் ஓயாமல் சொல்லியிருக்கிறேன். எல்லாம் ஊருக்கு உபதேசம்.

மத்தியான லுஹர் தொழுகை நேரத்தில் வார்டுக் குழாயில் தண்ணீர் வராது. கை கால் முகம் கழுவி வுளுச் செய்வதற்காகத் துணி அறைக்குப் பின்னால் நீல வாளி ஒன்றில் பிடித்து வைப்பேன். அதன் மூடி எப்போதோ உடைந்துவிட்டது. என்னோடு வேலை செய்த உடப்பு ஊர்க்காரி, காலையில் வந்ததும் எனக்காக அதை நிரப்புவாள். "மிஸ் தொழப் போகக்குள்ள தண்ணி இல்லாம நிக்கக் கூடாது" என்பாள். அவள் இந்து. என் தொழுகையில் என்னைவிட அவளுக்குத்தான் கவனம்.

நோன்புப் பெருநாளுக்கு இரண்டு கிழமை லீவு போட்டு நுரைச்சோலையில் உம்மா வீட்டுக்குப் போனேன். நான் இன்று வருவேன், நாளை வருவேன் என்று வாளி குறையக் குறைய அவள் மேலால் ஊற்றியே வைத்திருந்தாள். திரும்பி வந்து பார்த்தபோது உள்ளே நுளம்புக் குடம்பிகள் குட்டிப் புழுக்களாய் நெளிந்தன. நோயாளியைக் கடிக்கும் நுளம்பு எங்களையும் கடிக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. சத்தமில்லாமல் மண்ணில் கொட்டினேன். வெட்கத்தில் ஒருவரிடமும் சொல்லவில்லை.

அடுத்த கிழமை அவளுக்குக் காய்ச்சல். ஐந்தாம் நாள் எங்கள் வார்டிலேயே நுளம்பு வலைக்குள் கிடந்தாள். பல் முரசில் இரத்தம் கசிந்தது. தன் இரத்த ரிப்போர்ட்டைத் தானே வாங்கிப் படித்து, மடித்து என்னிடம் தந்தாள்.

"வாளியில தண்ணி இருக்கா மிஸ்? நான் ஊத்தி அஞ்சு நாளாச்சு."

"ஓம், இருக்கு" என்றேன்.

மறுநாள் பின்னேரம் போய்விட்டாள்.

சுகாதாரப் பரிசோதகர் வந்தார். "இங்க தண்ணி தேங்கின பாத்திரம் ஏதும் இருந்திச்சா?" என்று கேட்டார். அவளுடைய கணவர் பக்கத்தில் நின்றார்.

"இல்ல. வீட்டிலதான் கடிச்சிருக்கும்" என்றேன். என் நாக்கு அழுகிப் போகட்டும்.

அவள் இறந்த எட்டாம் நாள் உடப்புக்குப் போனேன். முற்றத்தில் அவளுடைய பூச்சாடிகள் எல்லாம் உடைந்து கிடந்தன. கணவர் கடலுக்குப் போகவில்லை.

"நான்தான் உடைச்சன் மிஸ். இதுகளுக்குத் தண்ணி ஊத்தி ஊத்தித்தான் செத்தா. சாடியெல்லாம் நான்தானே வாங்கிக் குடுத்தன்" என்றார்.

அவர் ஊற்றித் தந்த தேநீரைக் குடித்துவிட்டு வந்தேன்.