வலப்பக்கம் நாலு பாகை

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சனிக்கிழமைக் காலை, கைப்பையில் இரண்டு சின்னக் குப்பிகளோடு மாத்தளை பஸ்ஸில் ஏறினேன். அன்றிருந்த படபடப்பில், பஸ் நின்றிருந்தால் நானே இறங்கித் தள்ளியிருப்பேன்.

அப்போது நான் பல்கலைக்கழகத்தில் இரசாயன ஆராய்ச்சி மாணவி. என் கையில் கொடுக்கப்பட்டது டைஎத்தில் நாகம்; துத்தநாகத்தோடு கரிமத் துண்டுகள் பிணைந்த திரவம், காற்றுப் பட்டாலே பற்றிக்கொள்ளும். அதைப் பென்சல்டிகைட்டு என்ற வாதுமை மணத் திரவத்தோடு சேர்த்தால் ஓர் அற்ககோல் கிடைக்கும். அந்த அற்ககோலின் மூலக்கூறு ஒரு சோடிச் செருப்பைப் போல இரண்டு வடிவத்தில் வரும். ஒன்று ஒளியை வலப்பக்கம் திருப்பும், மற்றது இடப்பக்கம். சரிபாதியாகக் கலந்திருந்தால் ஒளி திரும்பாது. கொயினா மரப்பட்டையிலிருந்து எடுக்கும் மலேரியா மருந்தான குயினினைக் கொஞ்சம் சேர்த்தால் ஒரு வடிவம் மட்டும் கூடுதலாக வரும் என்று வாசித்திருந்தேன். தோட்டத்து மருந்துச்சாலையில் வேலை பார்த்த அப்பா, காலாவதியாகிக் கிடந்த குயினினைக் கேட்டு வாங்கித் தந்தார். அதைச் சுத்தமாக்கவே எனக்கு ஒரு மாதம் போனது.

டைஎத்தில் நாகத்தின் கடைசி மிச்சத்தையும் அந்த வாரம் இந்தச் சோதனையில் கொட்டித் தீர்த்துவிட்டேன். "திங்கட்கிழமை திருப்பம் காட்டு, இல்லாட்டி மண் பரிசோதனைக்கு மாறிடு" என்று சொல்லி, பேராசிரியர் ஒரு மண் பெட்டியையும் என் மேசையில் வைத்திருந்தார். மண்ணை நினைத்தாலே எனக்கு அழுகை வந்தது. ஒளித்திருப்பம் பார்க்கும் எங்கள் கருவியிலோ விளக்கு எரிந்துபோய் மாதக் கணக்காகியிருந்தது.

அதே வகைக் கருவி மாத்தளையில் ஒரு முஸ்லிம் எண்ணெய் வியாபாரியிடம் இருந்தது; அண்ணன் என்ற அர்த்தத்தில் எல்லாரும் அவரை நானா என்பார்கள். யட்டவத்தப் பக்கத்திலிருந்து வரும் சாதிக்காய் எண்ணெயில் கலப்படம் உண்டா என்று அதில்தான் பார்ப்பார். வழியில் சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். என் அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரைப் பார்த்த சிப்பாய் குப்பியைத் திறந்தான். வாசனை எண்ணெய் என்று சிங்களத்தில் வாய் கூசாமல் பொய் சொன்னேன். முகர்ந்து பார்த்தான், லேசான பூவாசம், திருப்பித் தந்துவிட்டான்.

"நானா, ஒரு உதவி" என்று கடைக்குள் நுழைந்தேன். அவர் ஊற்றியிருந்த எண்ணெயை வடித்துவிட்டுக் குழாயைத் தந்தார். குயினின் போட்டுச் செய்ததை ஸ்பிரிட்டில் கரைத்தேன். பாதியைக் குழாயில் ஊற்றி, மஞ்சள் விளக்கில் கண்ணை வைத்தேன்.

வலப்பக்கம் ஐந்து பாகை!

கடை என்றும் பாராமல் துள்ளிக் குதித்தேன். குயினின் ஒளியை இடப்பக்கம் திருப்பும். ஆகவே இது அதன் மிச்சமில்லை. துள்ளிய கையை முகத்தருகே கொண்டுபோனபோதுதான் விரலில் சாதிக்காய் மணத்தது. சாதிக்காய் எண்ணெயும் வலப்பக்கம்தான் திருப்பும். குழாயைக் கழுவாமலே ஊற்றியிருக்கிறேன், மடச்சி!

"குழாய் கழுவணும் நானா."

"நம்ம குழாய்ல என்ன அழுக்கு?" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டார். ஆனாலும் ஸ்பிரிட் போத்தலை நகர்த்தி வைத்தார். மூன்று தரம் கழுவினேன். வஹகோட்டைக் கத்தோலிக்கக் கோயிலுக்கு மெழுகுதிரி நேர்ந்தேன். இரசாயனம் படித்தவளுக்கு வெட்கம்தான், ஆனாலும் நேர்ந்தேன். குழாய் சுத்தமா என்று பார்க்க முதலில் இரண்டாம் குப்பியை ஊற்றினேன். அது குயினின் இல்லாமல் வேறு வழியில் செய்த சரிபாதிக் கலவை.

இந்தத் தடவை அவரே பார்த்தார். "ஒண்ணுமில்ல. பூச்சியம். இது ஃபெக்டரில செஞ்ச சரக்கு, மகள். இத யாருக்கும் வித்துப்புடாதீங்க."

பூச்சியம்! குழாய் சுத்தம்! அவரைக் கட்டிப்பிடிக்காத குறைதான். மிச்சமிருந்த குயினின் சரக்கை ஊற்றினேன். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"வலம் நாலு" என்றார். "இது மரத்துச் சரக்கு. எந்த மரம்?"

"மரமில்ல நானா. குடுவையில நான் செஞ்சது."

"சும்மா போங்க. செஞ்ச சரக்கு திரும்பாது. எத்தன வருசமா பாக்கிறேன்! தொழில் ரகசியம்னா சொல்லாம விடுங்க, பொய் சொல்லாதீங்க."

என் வாழ்நாளில் அப்படியொரு பாராட்டை யாரும் எனக்குச் சொன்னதில்லை. சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. "கொஞ்சம் கொயினாப் பட்டைச் சத்து சேர்த்தேன்" என்றேன்.

"அப்படிச் சொல்லுங்க!" என்று மேசையைத் தட்டினார். கடைச் சீட்டில் தன் கையால் எழுதி முத்திரையும் குத்தித் தந்தார்: வலம் 4. மரத்துச் சரக்கு. கலப்படமில்லை.

திங்கட்கிழமை எண்ணெய்க் கறை படிந்த அந்தச் சீட்டைப் பேராசிரியர் முன்னால் வைத்தேன். குழாயைக் கழுவாமல் ஊற்றியதையும் மறைக்காமல் சொன்னேன். இரண்டு தரம் வாசித்தார். பிறகு என் மேசையிலிருந்த மண் பெட்டியைத் தானே தூக்கி வெளியே வைத்துவிட்டு வந்து, "அடுத்த போத்தல் நாகத்துக்கு ஓடர் எழுது, கையெழுத்துப் போடுறேன்" என்றார்.